நெகிழும் தகடு எது? மஞ்சள் பாலிஷ் இயந்திரக் காப்புரிமையும் மேல்முறையீடும்

கேள்வி: ஈரோடு பக்கம் வேளாண் கருவிப் பட்டறை நடத்துகிறேன். மஞ்சள் பாலிஷ் போடும் டிரம்மில் விரலி ஒடிவதைக் குறைக்க, டிரம்மின் உட்சுவரில் நெகிழும் தகடுகளைப் பொருத்தி ஓர் அமைப்பு செய்து, காப்புரிமைக்கு விண்ணப்பித்தேன். ‘இத்துறை தெரிந்த எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதே’ என்று நிராகரித்துவிட்டார்கள். பழைய பாலிஷ் டிரம் ஒன்றின் ஆவணத்தையும், கோழி இறகு பிடுங்கும் இயந்திரத்தின் ஆவணத்தையும் சேர்த்துக் காட்டியிருக்கிறார்கள். கோழி இயந்திரத்தில் இருப்பது ரப்பர் விரல். என்னுடையது ஸ்பிரிங் எஃகுத் தகடு. விவரக்குறிப்பிலும் படங்களிலும் எஃகுதான் இருக்கிறது. ‘நெகிழும்’ என்ற சொல்லை எஃகு என்றே படிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தால் நிற்குமா? கோழி வேறு, மஞ்சள் வேறு என்று வாதிட்டாலே போதும் என்கிறார் தெரிந்த வக்கீல் ஒருவர். உத்தரவு வந்து ஐந்து வாரம் ஆகிறது. ஆவணங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

வணக்கம் ஐயா. நீங்கள் அனுப்பிய கிளெய்ம் பக்கங்கள் (எதற்கு உரிமை கோருகிறீர்கள் என்று விண்ணப்பத்தில் எண்ணிட்டுச் சொல்லும் வாசகங்கள்), காப்புரிமை அலுவலகத்தின் முதல் பரிசோதனை அறிக்கைக்குக் கொடுத்த பதில், நிராகரிப்பு உத்தரவு, டி-1 (பழைய பாலிஷ் டிரம்), டி-2 (கோழி இயந்திரம்) என்று உத்தரவில் குறித்திருக்கும் இரண்டு பழைய ஆவணங்கள் எல்லாவற்றையும் படித்தேன். மேல்முறையீடு செய்யலாம், செய்யத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் சொல்லை நம்பிப் போகாதீர்கள். எஃகு வாதம் நிற்காது. அதைவிடப் பலமான ஒன்று உங்கள் முதல் கிளெய்மிலேயே இருக்கிறது. உத்தரவு அதைத் தொடவே இல்லை.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்த்துவிடுவோம். காப்புரிமைச் சட்டம் 1970-ன் 2(1)(ja) பிரிவின்படி, ஏற்கெனவே இருக்கும் அறிவோடு ஒப்பிட்டால் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ இருக்க வேண்டும். அத்துடன் அந்த அம்சம், துறையில் தேர்ந்த ஒருவருக்கு எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். இதைத் தீர்மானிக்க மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் அக்ரிபோர்டு வழக்கில் தெளிவாகச் சொன்னது. முன்பே இருந்தது எது, விண்ணப்பதாரர் கோருவது எது, முன்னதிலிருந்து பின்னதற்கு ஒரு தொழில் தெரிந்தவர் எந்த வழியாக எளிதில் வந்திருப்பார் என்பவையே அந்த மூன்று. நிராகரிக்கும் உத்தரவில் மூன்றும் இருந்தாக வேண்டும்.

இதில் இரண்டாவதைத் தீர்மானிப்பது கிளெய்மின் வாசகம் மட்டும்தான். உங்கள் பட்டறையில் ஓடும் இயந்திரத்தை நீதிபதி பார்க்கப் போவதில்லை. நிலப் பத்திரத்தில் செக்குபந்தி என்ன செய்கிறதோ அதைத்தான் விண்ணப்பத்தில் கிளெய்ம் செய்கிறது. எழுதிய நான்கெல்லைக்கு உள்ளே இருப்பது உங்களுடையது. எழுதாமல் விட்டது, நீங்களே உழுது பயிர் வைத்த இடமானாலும் உங்களுடையதாகாது. ஆகவே ‘எளிதில் தோன்றக்கூடியதா’ என்ற கேள்விக்குப் போவதற்கு முன்பே, ‘எதைக் கோருகிறீர்கள்’ என்பதற்கு விடை வேண்டும். அந்த விடை மாறினால் மற்ற எல்லாமே மாறும்.

உங்கள் முதல் கிளெய்மைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: துளையிட்ட சுவருடைய, சுழலும் டிரம், டிரம்மின் உட்சுவரில் பொருத்திய நெகிழும் தேய்ப்புத் தகடுகள் பல, ஒவ்வொரு தகடும், தன்மேல் விழும் சுமை முன்குறித்த அளவைத் தாண்டும்போது சுழலும் திசைக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்து, சுமை நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பும்படி அமைந்தது.

நான்காவது கிளெய்ம் ஒரே வரி: முதல் கிளெய்மில் சொன்ன இயந்திரம், அதில் தகடுகள் ஸ்பிரிங் எஃகால் ஆனவை.

உங்கள் எஃகு வாதத்தை முறிப்பது இந்த ஒரு வரிதான். சார்பு கிளெய்ம் என்பது, தான் சார்ந்திருக்கும் கிளெய்மில் உள்ள அத்தனையையும் எடுத்துக்கொண்டு, மேலே ஒரு நிபந்தனையைச் சேர்ப்பது. நான்காவதில் எஃகு என்று தனியே சேர்த்திருப்பதால், முதலாவதில் எஃகு என்ற நிபந்தனை இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகிறது. முதல் கிளெய்மின் ‘நெகிழும்’ என்பதும் எஃகுதான் என்றால், நான்காவதற்கு வேலையே இல்லை.

இதே முடிச்சு 2005-ல் அமெரிக்காவின் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றத்தில் பிலிப்ஸ் எதிர் ஏ.டபிள்யூ.எச். வழக்கில் அவிழ்ந்தது. அது ஒரு மீறல் வழக்கு, அதாவது காப்புரிமையை மீறிவிட்டார் என்று இன்னொருவர்மேல் போடும் வழக்கு. ஆனால் கிளெய்மைப் படிக்கும் முறைக்கு அந்தத் தீர்ப்பைத்தான் இன்றும் எல்லோரும் திறந்து பார்க்கிறோம். சிறைச்சாலை போன்ற கட்டடங்களுக்கான எஃகுச் சுவர்ப் பலகைகள் பற்றிய காப்புரிமை அது. பலகைக்குள் ‘பாஃபிள்’ எனப்படும் உள்தகடுகள் இருந்தன. விவரக்குறிப்பிலும் படங்களிலும் அந்தத் தகடுகள் சாய்கோணத்தில் இருந்தன. துப்பாக்கிக் குண்டு பட்டால் திசை திரும்பும் என்றும் விவரக்குறிப்பு சொன்னது. எனவே சுவருக்குச் செங்குத்தாக நிற்கும் தகடு இந்தச் சொல்லுக்குள் வராது என்று கீழ் நீதிமன்றம் கருதியது. மேல்முறையீட்டில் நீதிபதிகள் அனைவரும் கூடி அமர்ந்து கேட்ட முழு அமர்வு அதை ஏற்கவில்லை. குண்டைத் திருப்பும் கோணத்தில் தகடு இருப்பதை ஒரு சார்பு கிளெய்ம் தனியாகச் சொல்கிறது. அப்படியானால் முதல் கிளெய்மின் தகடு அந்தக் கோணத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்றது. ஒரே ஒரு வகையைப் படம் போட்டுக் காட்டியதால் மட்டும் கிளெய்ம் அந்த வகைக்குள் சுருங்கிவிடாது என்றும் சொன்னது. அமெரிக்கத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் சார்பு கிளெய்ம்களை இங்கேயும் இப்படித்தான் படிக்கிறோம். ரோஷ் எதிர் சிப்லா வழக்கில் டெல்லி உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச் 2015-ல் கொடுத்த தீர்ப்பிலும், சார்பு கிளெய்ம் தன் மூலக் கிளெய்மில் மேலும் ஒரு கட்டுப்பாட்டைச் சேர்ப்பது என்ற விளக்கம் இருக்கிறது.

இன்னொரு தாளும் உங்களுக்கு எதிராக நிற்கிறது. முதல் பரிசோதனை அறிக்கைக்கு நீங்கள் அனுப்பிய பதிலின் இரண்டாம் பக்கத்தில், ‘தகடு எந்தப் பொருளால் ஆனது என்பது முக்கியமல்ல, அது நெகிழ வேண்டும் என்பதே முக்கியம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பாதுகாப்பு அகலமாக இருக்கட்டும் என்றுதான் எழுதியிருப்பீர்கள். ஆனால் அது கோப்பில் இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்துப் படிக்கும் முதல் வரி அதுவாகத்தான் இருக்கும்.

விவரக்குறிப்பை ஒதுக்கிவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. நம் உச்ச நீதிமன்றம் 1978-ல் பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் வழக்கில் சொன்னது இன்றும் அடிப்படை: முதலில் விவரத்தைப் படித்து மனத்தைத் தயார்செய்துகொண்டு, பிறகு கிளெய்முக்கு வர வேண்டும், இரண்டையும் சேர்த்தே பொருள்கொள்ள வேண்டும். பாத்திரங்களைக் கடைசலில் பிடித்து நிறுத்தும் ஒரு சாதனம் பற்றிய வழக்கு அது; நம் பட்டறைகளுக்கு மிக நெருக்கமானது. அதே தீர்ப்புதான், ஏற்கெனவே தெரிந்த ஒன்றில் செய்யும் மாற்றம் வெறும் பட்டறைச் சீர்திருத்தத்தைத் தாண்டியதாக இருக்க வேண்டும் என்றும் சொல்லி, அந்தக் காப்புரிமையை நிற்கவிடாமல் செய்தது. ஆகவே உங்கள் மனுவில் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டும்போது இரண்டு பகுதிகளுக்கும் பதில் தயாராக இருக்கட்டும். சொல்லின் பொருளை விவரத்திலிருந்து புரிந்துகொள்ளலாம். கிளெய்மில் இல்லாத ஒரு நிபந்தனையை விவரத்திலிருந்து தூக்கிக் கொண்டுவந்து வைக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவிலான கோடு மெல்லியது. எஃகு அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். எஃகு வாதத்தில் ஜெயித்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். பிறகு உங்கள் காப்புரிமையின் எல்லை எஃகுத் தகட்டோடு முடியும். அடுத்த தெருவில் ஒருவர் பாலியூரித்தேன் தகடு போட்டு அதே டிரம்மை விற்றால், அவரைத் தடுக்க உங்களிடம் வாசகம் இருக்காது. சொல்லுக்கு இன்று நீங்கள் கொடுக்கும் பொருள்தான் நாளை மீறல் வழக்கிலும் உங்களுக்கு. பின்னால் வந்தால் மீறல் ஆவது எதுவோ, அது முன்னால் இருந்திருந்தால் புதுமையைக் கெடுத்திருக்கும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1889-லேயே சொல்லிவிட்டது. இரண்டு நாளும் ஒரே அளவுகோல்தான். பஜாஜ் நிறுவனத்துக்கும் டிவிஎஸ் நிறுவனத்துக்கும் நடந்த இரட்டை ஸ்பார்க் பிளக் வழக்கு நினைவிருக்கலாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2008-ல் தனி நீதிபதி கொடுத்த இடைக்காலத் தடையை 2009 மே மாதம் டிவிஷன் பெஞ்ச் நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கேயும் சண்டை வாசகத்தைப் பற்றித்தான்: இரண்டு பிளக் என்பதுதான் கண்டுபிடிப்பின் சாரமா, வால்வுகளின் எண்ணிக்கையும் அதில் அடக்கமா? எங்கள் எஞ்சினில் மூன்று வால்வு என்றது டிவிஎஸ். எண்ணிக்கை முக்கியமில்லை என்றது பஜாஜ். விண்ணப்பம் எழுதும் நாளில் சிறியதாகத் தெரிந்த ஒரு விவரம், விற்பனைக்கு வந்த ஒரு வண்டியையே நிறுத்தப் பார்த்தது.

சரி, எஃகு வேண்டாம். வேறு என்ன இருக்கிறது?

உத்தரவின் முக்கியமான பத்தியை மறுபடி படியுங்கள். ‘டி-1-ல் உட்சுவரில் தகடுகள் உள்ளன, டி-2-ல் நெகிழும் உறுப்புகள் உள்ளன, தகட்டுக்குப் பதில் நெகிழும் உறுப்பைப் பொருத்துவது எளிதில் தோன்றக்கூடியது.’ இவ்வளவுதான். ‘நெகிழும் தகடுகள்’ என்ற இடத்தோடு கிளெய்மைப் படிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பின்னால் வரும் ‘தன்மேல் விழும் சுமை முன்குறித்த அளவைத் தாண்டும்போது’ என்ற பகுதியைப் பற்றி உத்தரவில் ஒரு எழுத்துகூட இல்லை. கிளெய்மில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை உண்டு என்று கருதித்தான் படிக்க வேண்டும். ஒரு பகுதியைத் தள்ளிவைத்துவிட்டு மீதியைப் பழைய ஆவணத்தோடு ஒப்பிட்டால், அது உங்கள் கிளெய்மைப் பற்றிய தீர்மானமே ஆகாது. மேல்முறையீட்டின் முதல் காரணமாக இதை வையுங்கள்.

அதிகாரி வேண்டுமென்றே செய்தார் என்று நினைக்க வேண்டாம். பரிசோதனைக் கட்டத்தில் சொற்களை அகலமாகப் படிப்பது பல நாடுகளில் இருக்கும் பழக்கம். விண்ணப்பதாரர் திருத்திக்கொள்ள இன்னும் வழி இருக்கிறது என்பதே அதற்குச் சொல்லும் நியாயம். அமெரிக்காவில் காப்புரிமை அலுவலகம் தன் மறுஆய்வு நடவடிக்கையில் அப்படிப் படிக்கலாமா என்ற கேள்வி கூவோஸோ வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போய், படிக்கலாம் என்று 2016-ல் தீர்ப்பாயிற்று. வேகமானியோடு வண்ணக் காட்டி ‘ஒன்றாகப் பிணைக்கப்பட்டது’ என்ற ஒரு தொடரின் பொருளில்தான் அங்கே எல்லாம் தொங்கியது. பிறகு அந்த அலுவலகமே 2018 நவம்பரில், நீதிமன்றங்கள் படிக்கும் முறைக்கு மாறிக்கொண்டது. ஆனால் அகலமாகப் படிப்பது வேறு, பாதியில் நிறுத்துவது வேறு. உங்கள் உத்தரவில் நடந்திருப்பது இரண்டாவது.

இப்போது அந்த விட்டுப்போன பகுதியைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். ரப்பர் விரல் எப்படி வேலை செய்கிறது? சின்னச் சுமை பட்டாலே கொஞ்சம் வளையும். சுமை ஏற ஏற மேலும் வளையும். உங்கள் தகடு அப்படியில்லை என்கிறீர்கள். குறிப்பிட்ட சுமை வரும்வரை இரும்புப் பட்டையைப் போல அசையாமல் நின்று மஞ்சளை அள்ளித் தூக்குகிறது. விரலி இடுக்கில் சிக்கி ஒடியப் போகும் நேரத்தில்தான் விட்டுக்கொடுக்கிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று உங்கள் மூன்றாம் படத்தில் தேடினேன். எஃகு என்பதால் வரவில்லை. வெறும் ஸ்பிரிங் எஃகுத் தகட்டைச் சுவரில் பற்றவைத்தால் அதுவும் ரப்பரைப் போல முதலிலிருந்தே வளையத்தான் செய்யும். வளைவு சற்றுக் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். உங்கள் தகட்டின் முன்புறம், அடிப்பகுதியில், சிறியதாக ஒரு தடுப்புக் கட்டை இருக்கிறது. தகட்டை முன்கூட்டியே வளைத்து, அந்தக் கட்டையின்மேல் அழுந்தி நிற்கும்படி பொருத்தியிருக்கிறீர்கள். அந்த அழுத்தத்தை வெல்லும் அளவுக்குச் சுமை வந்தால்தான் தகடு கட்டையை விட்டு நகரும். கண்டுபிடிப்பின் உயிர் அந்தக் கட்டையில் இருக்கிறது ஐயா. கடிதத்தில் எஃகைப் பற்றி மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள். தடுப்புக் கட்டையைப் பற்றி ஒரு முறைகூட எழுதவில்லை. தினமும் கையாளும் பாகம் கண்ணுக்குத் தெரியாமல் போவது இயல்புதான். விண்ணப்பத்தை எழுதியவர் அதை ஆறாவது கிளெய்மில் வைத்திருக்கிறார். நல்ல வேளையாக எங்கோ இருக்கிறது.

ஆகவே நான் சொல்லும் வழி இது. முதல் கிளெய்ம் இருக்கிறபடியே, சுமையளவுப் பகுதி ஓர் உண்மையான கட்டுப்பாடு, அதை உத்தரவு பரிசீலிக்கவில்லை என்று வாதிடுங்கள். அதோடு, மாற்றாக, ஆறாவது கிளெய்மின் தடுப்புக் கட்டையை முதல் கிளெய்முக்குள் கொண்டுவந்த ஒரு திருத்திய கிளெய்ம் தொகுப்பையும் மனுவோடு கொடுங்கள். ‘முன்குறித்த அளவு’ என்பது எந்த அளவு என்று கேள்வி வரும். 10(5) பிரிவு கிளெய்ம் தெளிவாக இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் விவரக்குறிப்பில் ‘உலர்ந்த விரலி ஒடியும் சுமைக்குக் குறைவான’ என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. திருத்தத்தில் அதையும் சேர்த்தால் அந்த ஓட்டையும் அடைபடும். 59-ஆம் பிரிவின்படி திருத்தம் என்பது ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதாகவோ, பிழை திருத்தமாகவோ, விளக்கமாகவோ இருக்க வேண்டும். திருத்திய கிளெய்ம் முழுவதும் பழைய கிளெய்மின் எல்லைக்குள் அடங்க வேண்டும். ஆறாவதை முதலாவதோடு சேர்ப்பது எல்லையைக் குறுக்குவதுதான், சிக்கல் வராது. மேல்முறையீட்டுக் கட்டத்தில் திருத்தத்தை ஏற்று உயர் நீதிமன்றங்கள் கொடுத்த தீர்ப்புகள் உண்டு. இதில் உங்களுக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. எஃகு, பாலியூரித்தேன், நைலான் எதுவானாலும், தகட்டை முன்னழுத்தத்தோடு கட்டையில் நிறுத்தினால் அது உங்கள் கிளெய்முக்குள் வரும். எஃகு என்று சுருக்கிக்கொள்வதைவிட இது எத்தனையோ மேல்.

எதிர்த்தரப்பில் என்ன சொல்வார்கள்? ரப்பர் விரலும் அடி பருத்து இருப்பதால் ஓரளவு சுமைக்குப் பிறகுதான் குறிப்பிடும்படி வளைகிறது என்பார்கள். இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்தில் நடந்த விண்ட்சர்ஃபிங் எதிர் டாபுர் மரீன் வழக்கில் இப்படித்தான் நடந்தது. பாய்மரப் பலகை பற்றிய காப்புரிமை. கிளெய்மில் பாயைப் பிடித்திருக்கும் இரண்டு கழிகள் ‘வளைந்தவை’ என்று இருந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் 1958-ல் ஹேலிங் தீவுக் கடற்கரையில் தானே செய்து ஓட்டிய பலகையை எதிர்த்தரப்பு கொண்டுவந்தது. அவன் கழிகள் நேரானவை. ஆனால் காற்று பிடித்து ஓடும்போது அவை வளைந்துகொண்டன. பொருள் சும்மா கிடக்கும்போது எப்படி இருந்தது என்பதோடு நீதிமன்றம் நிற்கவில்லை. வேலை செய்யும்போது எப்படி ஆனது என்பதையும் பார்த்தது. காப்புரிமை விழுந்தது. எளிதில் தோன்றக்கூடியதா என்று பார்க்க இன்றும் பயன்படும் நான்கு படிச் சோதனை அந்தத் தீர்ப்பிலிருந்துதான் வந்தது: கண்டுபிடிப்பின் கருவைக் கண்டுகொள்வது, அந்த நாளின் தொழில் தெரிந்தவராக உங்களை நினைத்துக்கொள்வது, பழையதற்கும் புதியதற்கும் என்ன வித்தியாசம் என்று குறிப்பது, பிறகு கண்டுபிடிப்பே தெரியாதவராக இருந்து அந்த வித்தியாசம் எளிதில் தோன்றியிருக்குமா என்று கேட்பது.

எனவே வாய்வார்த்தை போதாது, அளவு வேண்டும். கோழி இறகு பிடுங்கும் இயந்திரத்துக்கான ரப்பர் விரல்கள் நாமக்கல் பக்கம் கிடைக்கும். டி-2 சொல்லும் அளவுக்கு ஒத்த விரல் சிலவற்றை வாங்குங்கள். உங்கள் தகட்டையும் அதையும் ஒரு பொறியியல் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் கொடுத்து, சுமை கூடக் கூட எவ்வளவு வளைகிறது என்று வரைபடம் போட்டு வாங்குங்கள். ரப்பரின் கோடு தொடக்கத்திலிருந்தே ஏறும். உங்கள் தகட்டின் கோடு ஓர் எல்லைவரை ஏறக்குறைய தரையோடு படுத்திருந்து, பிறகு எழும்ப வேண்டும். அப்படி எழும்பினால் ஒரே ஒரு தாள் உங்களுக்காகப் பேசும். எழும்பாவிட்டால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. திருத்திய கிளெய்மை மட்டும் நம்பிப் போகலாம். மேல்முறையீட்டில் புதிய சான்று சேர்க்க அனுமதி கேட்க வேண்டும். அதற்கான மனுவைத் தனியே போடச் சொல்லுங்கள். கேட்டால் கிடைத்துவிடும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனாலும் கேட்க வேண்டும்.

மூன்றாவது அம்சத்தில், அதாவது ‘எந்த வழியாக வந்திருப்பார்’ என்பதில், உத்தரவு இன்னும் பலவீனமாக இருக்கிறது. டி-1-ஐ முழுதாகப் படித்தேன். அதில் தகடுகளைச் சுவரோடு பற்றவைக்கச் சொல்லியிருப்பதற்குக் காரணமும் கொடுத்திருக்கிறார்கள்: மஞ்சளை மேலே தூக்கிப் போட வேண்டும், அதற்குத் தகடு அசையக் கூடாது. அசையக் கூடாது என்று சொல்லும் ஆவணத்தைக் கையில் வைத்திருக்கும் ஒரு ஃபிட்டர், அசையும் ரப்பர் விரலை எதற்காக அதில் பொருத்தப் போகிறார்? பொருத்தினால் தூக்கிப் போடும் வேலை கெடுமே. இந்தக் கேள்விக்கு உத்தரவில் பதில் இல்லை. உங்கள் விண்ணப்பத்தைப் படித்த பிறகு இரண்டையும் இணைப்பது யாருக்கும் சுலபம். படிக்காதவருக்கும் அப்படித் தோன்றியிருக்கும் என்று காட்ட வேண்டிய பொறுப்பு நிராகரிப்பவருடையது. டி-1-ன் அந்தப் பத்தியை மனுவில் அப்படியே எடுத்துப் போடுங்கள்.

கோழி வேறு, மஞ்சள் வேறு என்ற வாதத்தை இதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். அதுவே முதுகெலும்பாக இருக்க வேண்டாம். இரண்டு இயந்திரங்களுக்கும் பிரச்சினை ஒன்றுதான்: உள்ளே இருப்பது சிதையாமல் மேலே இருப்பதை உரித்தெடுப்பது. துறையில் தேர்ந்தவர் என்பவர் பக்கத்துப் பட்டறையை எட்டியே பார்க்காதவர் என்று எந்த நீதிமன்றமும் ஏற்காது. கார் பெடலில் மின்னணு உணரியைச் சேர்த்தது பற்றிய கேஎஸ்ஆர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007-ல் இதை அழுத்திச் சொன்னது: சாதாரணத் தொழிலாளிக்கும் சாதாரண அளவு கற்பனை உண்டு, அவர் சொன்னதை மட்டும் செய்யும் இயந்திரம் இல்லை. நண்பரான வக்கீலிடம் இதைச் சொல்லுங்கள். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

புதிதாக ஒரு விண்ணப்பமே போட்டுவிடலாமா என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் பழைய விண்ணப்பம் வெளியிடப்பட்டுவிட்டது. அதுவே புதிய விண்ணப்பத்தின் புதுமையைக் கெடுத்துவிடும்.

நடைமுறை குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். 15-ஆம் பிரிவின் கீழ் வந்த நிராகரிப்பை எதிர்த்து 117ஏ பிரிவின்படி மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். முன்பு இதைக் கேட்ட அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டது. இப்போது நேரடியாக உயர் நீதிமன்றம்தான். சென்னையில் இதற்கென அறிவுசார் சொத்துப் பிரிவும் தனி விதிகளும் இருக்கின்றன. ஜெயித்தால் உடனே காப்புரிமைச் சான்று கைக்கு வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காரணம் சொல்லாத உத்தரவை ரத்து செய்து, வேறு ஓர் அதிகாரி புதிதாகப் பரிசீலிக்கட்டும் என்று திருப்பி அனுப்புவதே பல வழக்குகளில் நடக்கிறது. உங்கள் வழக்கிலும் அப்படித்தான் முடியும் என்று நினைக்கிறேன். அது தோல்வி ஆகாது. திருத்திய கிளெய்மும் சோதனை வரைபடமும் கோப்பில் ஏறியிருந்தால், இரண்டாம் பரிசீலனை வேறு இடத்திலிருந்து தொடங்கும். காப்புரிமைக் காலமான 20 ஆண்டு விண்ணப்பித்த நாளிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதால் தாமதம் உங்களுக்குத்தான் நஷ்டம்.

ஐந்து வாரம் போய்விட்டது. மீதி எட்டு வாரம்கூட முழுதாக இல்லை. கடைசி நாளை உத்தரவில் அச்சாகியிருக்கும் தேதியிலிருந்தே கணக்கிடுங்கள். தபால் கைக்கு வந்த தேதியை வைத்துக்கொள்ள வேண்டாம். சோதனைக்கூடத்தில் வரிசை இருக்கும், அதற்கே இரண்டு மூன்று வாரம் ஆகலாம். ஆகவே ரப்பர் விரலை இந்த வாரமே வாங்கிவிடுங்கள். வக்கீலைப் பார்க்கப் போகும்போது ஒரு தகட்டையும் தடுப்புக் கட்டையையும் கழற்றிக் கையோடு எடுத்துப் போய், விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மனுவின் முதல் பத்தியை அதற்குப் பிறகு அவர் எழுதட்டும்.